யாரையும் விட்டுவிடாத ஊர்

போக்குவரத்துத் துறை இயக்குநர் வந்த ரயில் ஊருக்கு வெளியே சிக்னலில் நின்றுவிட்டது. ஸ்டேஷனில் இருப்பது ஒரே பிளாட்பாரம். அதை இன்னொரு ரயில் அடைத்துக்கொண்டு கிடந்தது.

"அதை முதல்ல கிளப்புங்க சார்" என்றார் போக்குவரத்து இணைப்பு அதிகாரி. ஊரில் அவருக்கு ஜங்ஷன் என்று பெயர். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் 'ரயிலும் பஸ்ஸும் படகும் கைகோக்கும் நகரம்' என்று ஆரம்பித்துவிடுவார். அன்று காலைதான் ஆற்றின் அக்கரையில் இணைப்புத் திட்டத்தைத் திறந்துவைத்து, மாலை ஓடப்போகும் முதல் படகுக்கு டிக்கெட் வாங்கி, பல் முப்பத்திரண்டும் தெரியப் போட்டோ எடுத்துக்கொண்டார். திரும்பியதென்னவோ பாலத்தைச் சுற்றி ஜீப்பில்தான். படகு என்றால் அவருக்குத் தலைசுற்றும்.

"எப்படிக் கிளப்புறது? இணைப்பு பஸ் வரலையே" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "பஸ் வராம ரயில் போகக் கூடாது. படகு வராம பஸ் போகக் கூடாது. இணைப்பு டிக்கெட் வாங்கின ஒருத்தரைக்கூட விட்டுட்டுப் போகக் கூடாது. உங்க உத்தரவுதானே."

"நான் போட்டதுதான். நானே சொல்றேன், விடுங்க."

"'இயக்குநரைத் தவிர யாரும் மாற்றக் கூடாது'ன்னு கடைசி வரி இருக்கே சார். அவரு சிக்னல்ல இருக்காரு."

அவரிடம் போய் உத்தரவை மாற்றச் சொல்வதும், திட்டம் உருப்படாது என்று எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான். இன்று திட்டத்தைப் பார்க்க வரும் இயக்குநர் தலையசைத்தால் துணை இயக்குநர் நாற்காலி. முகம் சுளித்தால் பழையபடி தொலைந்த பொருள் பிரிவு. மறுபடியும் யார் யாரோ மறந்த குடைகளோடு குடித்தனம்.

இயக்குநரை இறக்கிக் கூட்டிவர ஜீப்பை அனுப்பிவிட்டு, ஜங்ஷன் ஆட்டோவில் பஸ் நிலையத்துக்குப் பறந்தார். அங்கே கண்டக்டர் படியில் உட்கார்ந்து நிதானமாகக் காது குடைந்துகொண்டிருந்தார்.

"படகு வரலை சார்."

"அது வராட்டி என்னய்யா? பஸ்ஸைப் படகுத்துறைக்கே விடு. நானும் வர்றேன்."

பஸ் தெருமுனை தாண்டிய பிறகுதான், அந்த பஸ்ஸோடு இணைந்த வேறு நான்கு பஸ்கள் நிலையத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. இது திரும்பும்வரை அவை நகராது. அவை நகராததால் வெளியூர் பஸ்கள் உள்ளே வர இடமில்லாமல் கடைத்தெருவை அடைத்தன.

ஜீப் டிரைவர் போனில் வந்தார். "சார், ரயில் வரப்போகுதுன்னு கேட்டை மூடிட்டாங்க. நான் இந்தப் பக்கம், இயக்குநர் அந்தப் பக்கம். ஜன்னல் வழியா என்னையே பார்த்துக்கிட்டிருக்காரு."

"சிரிச்சாரா?"

"அப்படித் தெரியலை சார்."

படகுத்துறையில் படகில்லை. அக்கரையில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. தங்கை வீட்டுக்குப் போன மனைவி அதில்தான் இருந்தாள், போன் செய்தாள்.

"ஏங்க, உங்க படகு குத்துக்கல்லாட்டம் நிக்குது. எடுக்க மாட்டேங்கறாங்க."

"ஏனாம்?"

"இணைப்பு டிக்கெட் வாங்கின ஒரு ஆளு வரலையாம்."

"ஒரே ஆளா?" ஜங்ஷன் எகிறினார். "யாரு அந்த மகாராஜா? ஒரு ஊரே காத்துக் கிடக்குதுன்னு கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாம்? இவனுங்களுக்கெல்லாம் திட்டம் போட்டேன் பாரு. கையில கிடைக்கட்டும், ஜென்மத்துக்கும் படகுல காலை வைக்க விடமாட்டேன்."

"என்கிட்ட எதுக்குக் கத்துறீங்க? வந்து அந்த ஆளையே கேளுங்க."

கேட்டே தீர்வது என்று முடிவு செய்தார். மீன்பிடிக்கிற ஓடம் ஒன்றைக் கெஞ்சிப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நடு ஆற்றில் இருமுறை குமட்டி, முழங்கால்வரை சேற்றோடு அக்கரையில் ஏறினார். படகிலிருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். மனைவி மட்டும் ஆற்றைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

"எங்கேய்யா அந்த ஆளு?" என்று மேல்மூச்சு வாங்கியபடி கேட்டார்.

டிக்கெட் கொடுப்பவர் பட்டென்று எழுந்து, படகுப் பலகையைத் துடைத்துவிட்டார்.

"வந்துட்டீங்களா, ஏறுங்க சார், காலையில முதல் டிக்கெட் வாங்கின நீங்க ஒருத்தர்தான் பாக்கி."