ஆர்லோ பிக்கெட்டும் அடுப்புத் திருகும்

துப்பாக்கிப் பிரியர்கள் இரண்டு வகை. சுடுகிறவர்கள் ஒரு வகை. இவர்களால் மான்களுக்கு ஆபத்து. இன்னொரு வகையினர், லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா போடும் பழைய லீவர் துப்பாக்கி ஒன்றைக் கண்டதும் அது எந்த வருஷத்தில் பிறந்தது என்று சொல்லிவிட்டு, அதைப் பிறந்த நாளன்று இருந்த நிலைக்கே கொண்டுபோய் நிறுத்துவேன் என்று கிளம்புகிறவர்கள். இவர்களால் மான்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

அமெரிக்காவின் மொன்டானாவில் ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். பிட்டர் க்ரீக்கில் இருப்பவர் ஆர்லோ பிக்கெட். நீங்கள் சுவரில் ஒரு துப்பாக்கியை மாட்டிவைத்தால் போதும், நலம் விசாரிக்க வந்தவர் உங்களை விட்டுவிட்டு அதனிடம் நலம் விசாரிப்பார். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி, இடுப்பில் திருப்புளி. குழல் எட்டுப் பட்டையா உருண்டையா என்று தடவிப் பார்ப்பார், அடிக்கட்டையை முகர்ந்து பார்ப்பார், லீவரின் வளைவில் விரல்களை நுழைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அடியில் எண் பொறித்திருக்கிறதே, அதைப் பார்த்தால் வருஷம் தெரிந்துவிடாதா? தெரிந்துவிடும். அதனால்தான் பார்க்கமாட்டார். கடைசியில் வேறு யாராவது பார்த்து, அவர் சொன்ன வருஷத்துக்கும் எண்ணுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், "அப்ப எண்ணைத் தப்பா அடிச்சிருக்கான்" என்பார்.

அவர் எதிரில் துரு என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. "வயசுன்னு சொல்லு" என்று திருத்துவார். பழைய பொருளைத் தொடவே கூடாது என்பது அவருடைய கொள்கை. அதைச் சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுப்பது அவருடைய பழக்கம். அவருடைய கார் கொட்டகையில் பதினோரு துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு லீவர் இல்லை, ஒன்றுக்குச் சுத்தியல் இல்லை, ஒன்றுக்குக் குழல் மட்டும் இருக்கிறது. ஒவ்வொன்றும் எங்கிருந்தோ வரவேண்டிய ஓர் அசல் பாகத்துக்காகக் காத்திருக்கிறது. ஆர்லோ கடைசியாக வேட்டைக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

இப்படிப்பட்டவர் கையில்தான் வெர்னா டால்பர்க் தன் துப்பாக்கியைக் கொடுத்தாள்.

வெர்னா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஒன்பது வருஷம் விண்ணப்பித்து, ஒன்பதாவது வருஷம் அரசாங்கக் குலுக்கலில் அவளுக்கு மேற்கு மலைச்சரிவில் எல்க் மான் சுடச் சீட்டு விழுந்தது. ஒரே ஒரு வாரம் செல்லும். வீட்டில் இருந்தது மாமனாருடைய லீவர் துப்பாக்கி. அவள் பழகியதும் அது ஒன்றில்தான். லீவர் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. கொழுந்தன்மாரிடம் இரவல் கேட்கலாம். கேட்டால் அடுத்த ஒன்பது வருஷமும் ஒவ்வொரு விருந்திலும் அந்தக் கதையைக் கேட்கவேண்டும். பழுது பார்ப்பவரிடம் போகும் வழியில் பெவர்லியின் காப்பிக்கடையில் ஒரு துண்டு ஆப்பிள் பலகாரம் வாங்கித் தின்னலாம் என்று நிறுத்தினாள். அங்கே ஆர்லோ இருந்தார்.

"உள்ளே எண்ணெய் இறுகிப்போயிருக்கு. ஒரு நாள் வேலை" என்றார் ஆர்லோ. அதில் பொய்யே இல்லை.

"துப்பாக்கியை முத்தம் கொடுத்து வழியனுப்பிடு வெர்னா" என்றாள் கல்லாவில் இருந்த பெவர்லி.

ஒரு நாள் நான்கு வாரம் ஆயிற்று. முதல் வாரம் வருஷம் பற்றிய ஆராய்ச்சி. இரண்டாம் வாரம் எண்ணெய் நீக்கம். மூன்றாம் வாரம் அந்த விபரீதம் தெரியவந்தது: லீவரைத் தாங்கும் திருகு அசல் இல்லை. நான்காம் வாரம் வயோமிங்கில் இருக்கும் இதே ஜாதி ஆசாமி ஒருவருக்குக் கடிதம் போயிற்று. அவரிடம் அசல் திருகு இருக்கிறது. ஆனால் அதைத் தருவதற்கு முன், அது போய்ச் சேரப்போகும் ஓட்டையின் போட்டோ வேண்டும் என்று பதில் வந்தது. ஆர்லோ இதில் தவறு எதையும் காணவில்லை. அந்த ஆசாமிமேல் அவருக்கு மரியாதை பெருகிற்று.

வெள்ளிக்கிழமை மாலை வண்டியை நிறுத்திவிட்டு வெர்னா கொட்டகைக்கு வந்தாள். துப்பாக்கி, மஃபின் சுடும் தட்டுகளில் குழிக்கு ஒரு பாகமாகப் பரவிக் கிடந்தது.

"நாளைக்கு விடிஞ்சா சீசன், ஆர்லோ."

"அவசரப்பட்டா நூறு வருஷத்துக்கு மேல காப்பாத்தி வச்சது வீணாப் போயிடும்."

"அவசரப்படலேன்னா என் ஒன்பது வருஷம் வீணாப் போயிடும். அதை மாட்டு."

"எதை? இந்தத் திருகையா? இது இதுக்குன்னு பிறந்ததே இல்ல. யாரோ அடுப்புலேருந்து கழட்டி மாட்டியிருக்கான்."

"யாரோ இல்ல, என் மாமனார். அடுப்பும் எங்களுதுதான்."

ஆர்லோ பூதக்கண்ணாடியை இறக்கினார். "அவர் ஏன் அப்படிச் செஞ்சார்?"

"பசிச்சிருக்கும்."

இந்தக் கோணம் எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆர்லோ தட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதை மாட்டினா இது துப்பாக்கியே இல்ல, வெர்னா."

"இப்ப மட்டும் என்னவாம்? பலகாரத் தட்டு."

வெர்னா ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். நாற்பது பிள்ளைகள் ஏறும் பேருந்தில் ஒரு பார்வையிலேயே அமைதியை உண்டாக்கும் கண்கள் அவளுக்கு. அந்தக் கண்களை ஆர்லோவின் பிடரியில் வைத்துக் காத்திருந்தாள்.

இனி வருவதுதான் கொடுமை. ஆர்லோ எந்தப் படத்தையும் பார்க்கவில்லை, ஒரு பாகத்தைக்கூட இரண்டாம் முறை எடுத்துப் பார்க்கவில்லை. சுருள்வில்லை அழுத்தி, பூட்டை நுழைத்து, தோட்டாத் தாங்கியை ஏற்றி, இருபத்தைந்தே நிமிஷத்தில் முழுத் துப்பாக்கியையும் கோத்துவிட்டார். முதல் நாளே செய்திருக்கலாம். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாதவராக இருந்திருந்தால் யாரும் அவரிடம் கொடுத்திருக்கவே மாட்டார்கள்.

கடைசித் திருகை மட்டும் அவர் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வெர்னாதான் முடுக்கினாள். லீவரை இறக்கி ஏற்றினாள். வெண்ணெயில் கத்தி போனதுபோல் போய் வந்தது.

"நல்லாப் பண்ணியிருக்கே" என்றாள்.

"சொல்லாதே" என்றார் ஆர்லோ, சுவரைப் பார்த்தபடி.

சனிக்கிழமை மத்தியானம் பெவர்லியின் கடை வாசலில் வெர்னாவின் வண்டி நின்றது. பின்தட்டிலிருந்து கொம்புகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. ஊரே சுற்றி நின்று, எவ்வளவு தூரத்தில், எத்தனை தோட்டாவில், எந்த ஓடைக்குப் பக்கத்தில் என்று கேட்டது. கொழுந்தன்மார் இருவரும் கொம்பை எண்ணிவிட்டு, மறுபடி எண்ணினார்கள். ஆர்லோவும் வந்தார். மானைத் தாண்டி நேராக முன்கதவுக்குப் போய், இருக்கைமேல் கிடந்த துப்பாக்கியின் மேல் குனிந்தார்.

"சுடும்போது திருகு அசைஞ்சுதா?"

"மான்தான் அசைஞ்சுது. ஒரு தடவை."

"மதிப்பு பாதியாப் போச்சு" என்று அவர் கூட்டத்துக்கு அறிவித்தார். துக்க வீட்டுக் குரல். வெர்னா ஒரு பெரிய தொடைக்கறிப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள். அதையும் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள். வெர்னாவுக்கு மான் கிடைத்துவிட்டது என்று படித்ததும் உங்கள் மனம் நிறைந்துவிட்டதா? அல்லது, 'எல்லாம் சரி, அந்தத் துப்பாக்கி எந்த வருஷத்தது என்று இந்த ஆள் கடைசிவரை சொல்லவே இல்லையே' என்று உள்ளே ஏதோ அரித்துக்கொண்டிருக்கிறதா? அரிக்கிறது என்றால் அக்கம்பக்கத்தாருக்கு ஓர் உபகாரம் செய்யுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது திருப்புளியை உங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.