ஒளி வைக்கவும்

ஜன்னல் ஓரத்தில், பால்நிறத் திரவத்தோடு அந்தக் குப்பி காலை வெயிலில் குளித்துக்கொண்டிருந்தது. பாசிமணி பாய்ந்துபோய் அதை நிழலுக்கு இழுத்தான்.

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு அதுதான் பெயர். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகளோடு மூன்று வருஷம் குடித்தனம் நடத்தினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? வெளிச்சம் பட்டால் அந்த உருண்டை மணிகள் நீண்டுவிடும். நீண்டது நீண்டதுதான், திரும்பாது. அவனுடைய ஆய்வேட்டின் தலைப்பே ‘நிரந்தர உருமாற்றம்’. அவை நீளுவதைப் பதினொரு மணிக்குப் பேராசிரியை கண்ணால் பார்த்தால்தான் பட்டம்.

நேற்று மேசையில், குப்பிக்குப் பக்கத்தில், ‘ஒளித்து வைக்கவும்’ என்று சீட்டு எழுதிவிட்டுப் போயிருந்தான். இப்போது ஈரம் பட்டு, ‘த்து’ கரைந்து, ‘ஒளி வைக்கவும்’ என்று நின்றது. கூட்டித் துடைக்கும் அக்கா எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்பவர். வெயிலில் வைத்துவிட்டார்!

ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். நீள நீளமாக, அரைத்தூக்கத்தில் புரள்வதுபோல் மிதந்தன.

“போச்சு!”

பழையபடி உருட்டிவிடலாமென்று எதிர்ப்பக்கமிருந்து விளக்கைக் காட்டினான். ஒன்றையொன்று நெருக்கின, மூலைகள் முளைத்தன. பக்கத்து மேசைத் தோழி எட்டிப் பார்த்தாள்.

“கொஞ்சம் சூடு காட்டிப் பாரேன்.”

காட்டினான். மெல்ல ஊதி, அசைந்து, ஒவ்வொன்றாக உருண்டையாயின. ஓரங்களில் வானவில் நெளிந்தது. மூன்று வருஷத்தில் இத்தனை அழகை அவன் பார்த்ததே இல்லை. வந்த காரியத்தை மறந்து சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தான்.

“உருண்டையாயிடுச்சா? அப்பாடா!” என்றாள் தோழி.

“ஆயிடுச்சு.” சட்டென்று அவன் முகம் வெளிறியது. “ஐயோ, ஆகக்கூடாதே! நிரந்தரம்னு இருநூறு பக்கம் எழுதியிருக்கேன்!”

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது பழைய கதை. இங்கே குரங்கு மறுபடி பிள்ளையாரானதுதான் ஆபத்து.

பேராசிரியை வந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

“என்னப்பா இது? நீளுது, உருளுது, ஒண்ணு காணாமலே போகுது?”

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“நான் எழுதினதெல்லாம் தப்பு மேடம். எதுவுமே நிரந்தரமில்ல.”

“அது தத்துவம். நீ கேக்குற பட்டம் வேதியியலுக்கு.” அவர் ஆய்வேட்டைப் புரட்டி, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

வாளியோடு உள்ளே வந்த அக்கா, ஜன்னலைப் பார்த்தார், மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார்.

“தம்பி, சீட்டுல எழுதினபடி உங்க சாமானை டிராயர்ல ஒளிச்சு வெச்சிருக்கேன், ஜன்னல் தொடைக்க காலிக் குப்பில நான் கரைச்ச சோப்புத் தண்ணிய எதுக்கு எல்லாரும் முறை வெச்சுப் பாக்குறீங்க?”