கார் கண்ணாடியில் இருந்த உப்புக்கறை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கார் கண்ணாடியில படிஞ்சிருந்த உப்புக்கறையை எடுக்கணும்.

கார் என் பேர்ல இருக்கு. ஓட்டுறது என் மனைவி சுகந்தி. எனக்கு டூவீலரோட சரி. கார்ல என் பதவி, இடதுபக்க சீட்ல உட்கார்ந்து பாட்டு மாத்துறது. அதையும் தப்பாத்தான் மாத்துறேன்னு ஒரு பேச்சு இருக்கு.

அதனால இந்தக் காருக்கு நாமளும் ஏதாவது செஞ்சு, அவகிட்ட ஒரு நல்ல பேர் வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

நாங்க இருக்கிறது ஐயப்பன்தாங்கல்ல ஒரு அப்பார்ட்மெண்ட். எங்க போர் தண்ணியை நாலு நாள் பிடிச்சு வெச்சா பக்கெட்டே வெள்ளையாயிடும். அந்தத் தண்ணியிலதான் வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் காரைக் கழுவுவாரு. கழுவிட்டுத் துடைக்க மாட்டாரு. காத்துல தானா காஞ்சுடுமாம்.

டிரைவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடிதான் ரொம்ப மோசம். சுத்தி புள்ளி புள்ளியா இருக்க, நடுவுல முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு பெரிய கறை. இன்னைக்கு உன்னை ஒரு கை பார்க்கிறேன்னு காபி குடிச்ச கையோட கீழ இறங்கிட்டேன். சுகந்தி தூங்கிட்டு இருந்தா. எழுந்து வந்து பார்த்து அசந்து போகணும்.

முதல்ல சோப்புத் தண்ணி. கறை நல்லா குளிச்சுட்டு ஃப்ரெஷ்ஷா உட்கார்ந்துச்சு.

அடுத்து எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்ச்சேன். ஏழுமலை அண்ணன் வந்து நின்னாரு.

"இன்னா சார், காருக்கு திஷ்டி கயிக்கிறியா?"

"இல்லண்ணே, கறை எடுக்கிறேன்."

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா கீது. அத்த ஏன் சார் நோண்டிகினு கீற?"

அப்பவே நான் மேல ஏறிப் போயிருக்கணும். போகலையே.

குத்துவிளக்கே புளியில பளபளன்னு ஆகுது, கண்ணாடி எந்த மூலைக்குன்னு, புளியைக் கரைச்சு எடுத்துட்டு வந்தேன். தேய்ச்ச புளி வழிஞ்சு கதவு இடுக்குக்குள்ள இறங்கிடுச்சு. கண்ணாடியை இறக்கி ஏத்தினா கிறீச்சுன்னு சத்தம். வண்டி முழுக்க ரசம் வாசனை. ஏழுமலை அண்ணன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துட்டு, "பெருங்காயம் போட மறந்துட்ட சார்"னாரு.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நேரா மெயின் ரோட்டுல கார் சாமான் விக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பாலிஷ் பாட்டிலைக் கொடுத்து, "வட்டம் வட்டமா தேய்ங்க சார். கை வலிக்கும்"னாரு.

நேர்மையான மனுஷன். வலிச்சுது.

முந்திரி தேய்ஞ்சு பட்டாணியாச்சு, பட்டாணி கடுகாச்சு, கடுகும் காணாமப் போச்சு. அந்த ஒரு கண்ணாடிக்கே மத்தியானம் ஆயிடுச்சு. ஆனா என்ன சுத்தம்! கண்ணாடி இருக்கா இல்லையான்னே எனக்குச் சந்தேகம். தொட்டுப் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டேன்.

சுகந்தி கீழ வந்தா. "அட, எவ்ளோ க்ளியரா இருக்கு. நீங்களா பண்ணீங்க?"

அந்த 'நீங்களா'வைக்கூட நான் பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன். அந்தச் சந்தோஷத்துல பூந்தமல்லிக்குப் போய் பிரியாணி சாப்பிட்டோம். வலது கையைத் தூக்க முடியல. இடது கையில ஸ்பூனைப் பிடிச்சு ராஜா மாதிரி சாப்பிட்டேன்.

திரும்பி வந்தோம். எங்க பார்க்கிங்ல ஒரு பக்கம் தூண். இன்னொரு பக்கம் அசோசியேஷன் செகரட்டரியோட புத்தம் புதுக் கார். பூஜை போட்ட சந்தனம் குங்குமம்கூட இன்னும் அழியல. நடுவுல இருக்கிற சந்துலதான் சுகந்தி ரிவர்ஸ்ல விடணும். ஆரம்பத்துல அந்த இடத்தை நினைச்சாலே அழுவா. இப்போ ஸ்டியரிங்கை ஒரே ஒடி, வண்டி உள்ள இருக்கும். பால்கனியில நின்னு வேடிக்கை பார்க்கிறவங்க உண்டு.

அன்னைக்கு ரிவர்ஸ் போட்டா. கொஞ்சம் வந்தா. நின்னா. முன்னாடி போனா. மறுபடி வந்தா. நின்னா.

"என்னங்க, முந்திரி எங்க?"

"பிரியாணியில அதெல்லாம் போட மாட்டாங்கமா."

"இந்தக் கண்ணாடியில இருந்துச்சே, முந்திரி மாதிரி ஒரு கறை. அது தூணுக்கு நேரா வந்ததும்தான் ஸ்டியரிங்கை ஒடிப்பேன். அதையா அழிச்சீங்க?"

அவளைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு.

"பயப்படாத, நான் இறங்கி சைடு பார்க்கிறேன்"னேன். கார் ஓட்டத் தெரியாதவன் சைடு பார்த்தா எப்படி இருக்கும்? "வா, வா, லெஃப்ட்ல ஒடி"ன்னேன்.

"உங்க லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?"

யோசிக்க வேணாமா? நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள, குங்குமம் வெச்ச கதவுக்கு ஒரு விரல்கடை தூரத்துல வண்டி நின்னுச்சு. ஏழுமலை அண்ணன் போட்ட சத்தத்துல செகரட்டரி சார் லுங்கியோட ஓடி வந்தாரு.

திட்டியிருந்தாலாவது பரவாயில்ல. தன் காரை எடுத்துட்டுப் போய் வெயில்ல நிறுத்திட்டு வந்து, தூணுக்குப் பின்னாடி பத்திரமா நின்னுக்கிட்டாரு. "இப்போ விடும்மா"ன்னாரு.

சுகந்தி நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில ஒட்டினா. அது தூணுக்கு நேரா வந்ததும் ஒடிச்சா. கொஞ்சம் கோணலா போச்சு. பொட்டை நகர்த்தி ஒட்டி மறுபடி வந்தா. இன்னும் கொஞ்சம் நகர்த்தினா. கடைசியில ஒரே ஒடி, அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி வண்டி உள்ள உட்கார்ந்துச்சு. ஏழுமலை அண்ணன் விசில் அடிச்சாரு. செகரட்டரி சாரே கை தட்டினாரு. அவ சிரிச்சதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் போன உயிர் வந்துச்சு.

ஒரே ஒரு சிக்கல். கண்ணாடியை இறக்கினா பொட்டு உரிஞ்சு விழுந்துடுது. அதனால இப்பெல்லாம் கேட்டுக்குள்ள வந்ததும் நெத்திப் பொட்டை எடுத்து, ஓரத்துல இருந்து ஒரு சாண் அளந்து ஒட்டி, வண்டியை உள்ள விட்டுட்டு, திரும்ப நெத்திக்கு மாத்திக்கிறா. மூணாவது மாடிக்குப் புதுசா குடிவந்தவங்க அதை ஏதோ வேண்டுதல்னு நினைச்சு, பார்க்கும்போதெல்லாம் கன்னத்துல போட்டுக்கிறாங்க.

நான் இப்போ என் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கணும்னாக்கூட, அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் துணியை எடுக்கிறேன்.