பச்சைக் கண்டெய்னருக்கு எதிர்வீடு

திருவொற்றியூர்,
சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர் ஜெபசிங் அவர்களுக்கு,

வேதமாணிக்கம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை ரோஸ்மேரியும் மகள் ஷெர்லினும் சுகம். கல்மண்டபத்தில் உங்கள் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. இன்று மதியம் உங்கள் வீட்டில் விருந்து பலமாக நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். போனில் கேட்டால் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஷெர்லினைப் பெண் பார்க்கத் தாம்பரத்திலிருந்து பதினொரு மணிக்கு வரவேண்டிய அபின் குடும்பத்தார் இதுவரை வரவில்லை, அவர் அப்பாவின் போன் அணைந்து கிடக்கிறது. இது மூன்றாவது வரன். முதல் இரண்டு பேரும் "அந்தப் பக்கமா?" என்று கேட்டதோடு சரி. அதனால்தான் இந்தத் தடவை நம் பகுதியைப் பற்றி நான்கு பக்கம் குறிப்பு எழுதி, அவர்களிடம் சேர்க்கச் சொல்லி உங்கள் கையில் கொடுத்தேன். பூகோளம்: கிழக்கே கடல், மேற்கே மணலி, வடக்கே எண்ணூர் முகத்துவாரம். சரித்திரம்: தென்னாட்டின் முதல் ரயில் தாம்பரத்திலிருந்து அல்ல, ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. போக்குவரத்து: விம்கோ நகர் வரை மெட்ரோ உண்டு. கடைசியாக வழி: எண்ணூர் விரைவுச் சாலையில் பச்சைக் கண்டெய்னர் ஏற்றிய லாரி நிற்கும், அதற்கு எதிர்வீடு. இதைவிடத் தெளிவாக யாரால் எழுத முடியும்? எங்கள் சாலையில் கடை மாறும், பெயர்ப்பலகை மாறும், துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் மட்டும் மாறாது. புதன்கிழமையிலிருந்து அதே இடத்தில் நின்றது.

ஆகவே தவறு குறிப்பில் இல்லை, கொண்டுபோன கையில் இருக்கிறது. எதற்காக அதை ஜெராக்ஸ் எடுத்தீர்கள், வழியை உங்கள் வீட்டுக்கு மாற்றி எழுதவா? உங்கள் மகள் அனிஷாவுக்கும் வயது இருபத்துமூன்று ஆகிறதே? காசிமேட்டு மீன்கடை டென்னிஸ் காலையில் போன் செய்து, "ஒங்க மச்சான் மூணு கிலோ வஞ்சிரம் வாங்கிகினு போனாரு, இன்னா விசேசம்?" என்று என்னிடமே கேட்கிறான். மூன்று பேர் இருக்கிற வீட்டில் மூன்று கிலோ யாருக்கு? "எங்க அண்ணன் அப்படியெல்லாம் செய்யமாட்டாக" என்று ரோஸ்மேரி அழுகிறாள். அவளுக்கு எல்லோரும் நல்லவர்கள். நான் வேண்டாம் என்று சொல்லியும், அந்தப் பச்சைக் கண்டெய்னர் லாரி டிரைவர் பாரிக்கு நாலு நாளாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் எதற்கு எப்போதும் சிரிக்கிறான் என்று யாராவது யோசித்தீர்களா? நல்ல வேளை, இன்று காலை எட்டு மணிக்கு கியூ நகர்ந்து, சாலை பளிச்சென்று காலியானது. வருகிறவர்களுக்கு வசதி என்று முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன்.

பட்டுப்புடவையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்க்க மனசு தாங்கவில்லை. விருந்துக்கு வைத்த மீன்குழம்பை, இனி யாருக்கு என்ற கோபத்தில் மூன்று மணிக்கு நாங்களே காலி செய்தோம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டு விருந்தாளிகளையும் ஆசீர்வதிப்பாராக. ரோஸ்மேரி தன் அண்ணிக்கு ஸ்தோத்திரம் சொல்கிறாள்.

இப்படிக்கு,
வேதமாணிக்கம்

பின்குறிப்பு: மணி ஐந்து. அவர்கள் வந்துவிட்டார்கள். குறிப்பில் சொன்ன பச்சைக் கண்டெய்னரைத் துறைமுக கேட் அருகே கண்டுபிடித்து, வடசென்னைக்குள் போக இதுதான் முறை போலிருக்கிறது என்று கியூவில் அதற்குப் பின்னாலேயே காரை நிறுத்தியிருக்கிறார்கள். போனில் சார்ஜும் தீர்ந்துவிட்டதாம். நாலு மணி நேரம் கழித்து பாரி இறங்கி வந்து, "இன்னா சார், நம்ம பின்னாலயே நின்னுகினு கீற? காரை கப்பல்ல ஏத்தப் போறியா?" என்று கேட்டாராம். குறிப்பைக் காட்டியதும், "அட, நமக்குத் தண்ணி குடுத்த அம்மா வூடு!" என்று லாரியை அடுத்த டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவரே காரில் ஏறி வழிகாட்டி வந்திருக்கிறார். "அம்மாவும் பொண்ணும் தங்கம், அந்தப் பெர்சுதான் கொஞ்சம் பேஜாரு" என்று வழியில் சொன்னாராம். அபினின் அம்மா சிரித்துக்கொண்டே, "நாங்க விசாரிக்க வேண்டியதெல்லாம் விசாரிச்சாச்சு" என்கிறார்கள்.

நீங்கள் போனை எடுக்கவில்லை. அதைத் தவறாக நினைக்கவில்லை. வேறு தாளும் இல்லை, பூகோளத்துக்கே தீர்ந்துவிட்டது. ஆகையால் மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல், அந்த மூன்று கிலோவில் மிச்சம் இருப்பதை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வரவும். இதைப் பாரி திரும்பிப் போகிற வழியில் கொண்டுவந்து தருவார். உங்கள் வீட்டுக்கு வழியை ரோஸ்மேரியே சொல்லியிருக்கிறாள், நான் வாயைத் திறக்கவில்லை.