ஓஷ் சந்தையில் நோயே இல்லை

உலகில் நோயை அடியோடு ஒழித்த முதல் சந்தை எங்கள் ஓஷ் நகரத்துச் சந்தை. அந்தச் சாதனையாளன், தன்னடக்கத்தோடு சொல்கிறேன், நான்தான். மருந்தோ ஊசியோ தேவைப்படவில்லை. ஒரு படிவமும் ஒரு பேனாவும் போதுமாயிருந்தன.

சந்தையில் மூட்டை வண்டி தள்ளுகிறவர்களை மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பது என் திருப்பணி. சம்பளச் சீட்டே பார்த்திராத அவர்களுக்கும் ‘பாதுகாப்புக் குடை’ பிடிப்பதென்று மேலிடம் முடிவு செய்திருந்தது. படிவத்தின் ஏழாம் கேள்வி: ‘உடல்நலம் எப்படி?’

முதலில் ஒமுர்சாக் அண்ணனிடம் போனேன். இருபது வருடமாக வண்டி தள்ளுகிறவர். ரொட்டியைப் பிட்டுக் கையில் கொடுத்தார். அதைத் தின்னாமல் பேச்சைத் தொடங்குகிறவனை எங்கள் ஊரில் யாரும் மதிப்பதில்லை.

“உடம்பு எப்படிண்ணே?”

“சுகம்தான் தம்பி, அல்லா புண்ணியத்துல. புள்ளைங்க சுகம், ஆடுங்க சுகம். உனக்கு?”

“சுகம்ண்ணே.”

‘நோய் இல்லை’ என்று எழுதினேன். படிவத்தில் ஆடுகளுக்குக் கட்டம் ஒதுக்காதது பெருங்குறையாகப் பட்டது. அவர் அடிவயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்த துணிப்பட்டையையும் பார்த்தேன். அதைப் பற்றி யாரும் கேட்கச் சொல்லவில்லையே! அடுத்த வண்டிக்கு நகர்ந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் சுகம்.

மூன்றாம் மாதம் அண்ணன் வயிற்றைப் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார். குடலிறக்கம், ஏழு வருடமாக. இனியும் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“அன்னிக்கே ஏண்ணே சொல்லலை?”

“அட கூறுகெட்டவனே! ரொட்டியைத் தின்னுக்கிட்டு ஒருத்தன் சுகமான்னு கேட்டா, குடல் எறங்கிக் கெடக்குன்னா சொல்லுவாங்க? நீ இந்த ஊர்க்காரன்தானே?”

எனக்கு வெட்கமாக இருந்தது. ‘பொய்த் தகவல் அளித்தவர்’ என்று மேலிடம் அவருடைய காப்பீட்டு அட்டையை ரத்து செய்தது. அந்தத் தகவல் என் கையெழுத்தில்தான் இருந்தது. அண்ணன் பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் ஆண்டு ஆய்வுக் கூட்டம். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்த திட்ட இயக்குநர் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்:

“திட்டம் எப்படிப்பா இருக்கு?”

ஜன்னலுக்கு வெளியே ஒமுர்சாக் அண்ணன் கூட்டத்துக்கான முலாம்பழ மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாலு அடிக்கு ஒரு முறை நின்றார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“சுகம்தாங்க, அல்லா புண்ணியத்துல.”

இயக்குநர் அப்படியே எழுதிக்கொண்டார். பொய்த் தகவலுக்கு அண்ணனின் அட்டை பறிபோயிற்று. எனக்குப் பதவி உயர்வு வந்தது.