கன்னியம்மாள் சொன்ன பதில்கள்

"அம்மா, ரெண்டு மூணு கேள்விதான். நீ தமிழ்ல சொல்லு, நான் ரஷ்யன்ல சொல்லிடறேன். கேமராவப் பாத்து சிரிச்சிகினு இரு, போதும்."

"அவங்க கேக்கசொல்ல சிரிக்கணுமா, நான் சொல்லசொல்ல சிரிக்கணுமா?" என்றாள் கன்னியம்மாள்.

"ரெண்டுக்கும்."

அனுசுயா அரிசி டப்பாவின் மேல் லேப்டாப்பை வைத்தாள். லேப்டாப் தோழியுடையது. பின்னால் சுவர் தெரியாமல் இருக்க அம்மாவின் நல்ல புடவை ஒன்றை ஆணியில் மாட்டியிருந்தாள். மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

சென்னையில் மூன்று வருடம் ரஷ்ய மொழி படித்தவள் அவள். உதவித்தொகை கிடைத்தால் ரஷ்யாவில் ஒரு வருடம் படிப்பு, அடுத்த வருடம் அங்கேயே மொழிபெயர்ப்புப் பயிற்சி. கடைசிச் சுற்றில் இரண்டு பேர் நின்றார்கள். இடம் ஒன்றுதான். காலையில்தான் அந்த மெயில் வந்தது. குடும்பத்தில் ஒருவரோடு தேர்வுக் குழு பேசும், மாணவியே மொழிபெயர்க்க வேண்டும், அதுவே கடைசித் தேர்வு.

இதில் ஒரே ஒரு சிக்கல். போன மாதம் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும்போது அம்மாவிடம் அவள் மூன்று மாதம் என்று சொல்லியிருந்தாள்.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. கே.ஜி.கண்டிகையில் அந்த வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேரும் இரண்டு ஆடுகளும்தான். இரண்டு வருடம் என்றால் அம்மா விடமாட்டாள். விட்டாலும் தனியாக எப்படி இருப்பாள் என்று அனுசுயா யோசித்ததில்லை. யோசிக்க ஆரம்பித்தால் தானே போகமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

திரையில் வேரா பெத்ரோவ்னா வந்தார். வயதான பேராசிரியை. நரைத்த முடி, தடித்த கண்ணாடி. கன்னியம்மாள் சொன்னபடி சிரித்தாள்.

"நீங்கள் இரண்டு ஆண்டுகள் வீட்டில் இருக்கமாட்டீர்கள் என்பது உங்கள் தாய்க்குத் தெரியுமா?" என்று அவர் ரஷ்ய மொழியில் கேட்டார்.

முதல் கேள்வியே இதுவாக இருக்கும் என்று அனுசுயா எதிர்பார்க்கவில்லை. அம்மா பக்கம் திரும்பினாள்.

"நம்ம ஊர்ல இன்னான்னா வெளையும்னு கேக்கறாங்க."

கன்னியம்மாள் விரலை மடக்கினாள். "நெல்லு வெளையும். ஏரில தண்ணி இருந்தா ரெண்டு போகம், இல்லன்னா ஒண்ணு. அப்பறம் வேர்க்கல்ல. நாளைக்குக்கூட கல்ல பறிக்கத்தான் போறேன். கரும்பு. கேவுரு. மாங்கா."

"தெரியும் என்கிறார்," என்றாள் அனுசுயா ரஷ்ய மொழியில். "ஒவ்வொரு மாதமாக எண்ணிப் பார்த்துவிட்டாராம்."

"ஐந்து வரைதானே எண்ணினார்?"

"வாரத்தில் ஐந்து நாளாவது நான் அவரோடு பேச வேண்டுமாம்."

வேரா பெத்ரோவ்னா தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். "நீங்கள் இல்லாதபோது இவருக்குத் துணை யார்?"

"நம்மகிட்ட ஆடு இருக்கான்னு கேக்கறாங்கமா."

"ஆங், ரெண்டு இருக்குது. ஒண்ணு செனையா இருக்குது. அடுத்த மாசம் குட்டி போடும். இன்னொண்ணு கெடா. அத்த வளத்ததுக்கு ஒரு பூனைய வளத்திருக்கலாம். கண்ணுல பட்டதெல்லாம் தின்னுட்டு மூலையில படுத்துக்கும்."

அனுசுயாவுக்கு யோசிக்க நேரமில்லை. இருந்ததையே மொழிபெயர்த்தாள். "இரண்டு பேர் கூடவே இருக்கிறார்கள். ஒரு பெண். ஒரு ஆண்."

"மகிழ்ச்சி. உறவினர்களா?"

"வீட்டில் ஒருவர் மாதிரி."

அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து சினை ஆடு கத்தியது. நீளமாகக் கத்தியது.

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "அது யார்?"

"அந்தப் பெண்தான்," என்றாள் அனுசுயா. வேறு ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. "கர்ப்பமாக இருக்கிறார். அடுத்த மாதம் பிரசவம்."

"வலியில் துடிக்கிறாரே. யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா?"

"இன்னாவாம்?" என்றாள் கன்னியம்மாள்.

"ஆட்டுக்கு இன்னா போடுவன்னு கேக்கறாங்க."

"பசிக்குதுன்னு கத்துது. ரெண்டு கல்லக்கொடி எடுத்துப் போட்டா வாய மூடிகினு கெடக்கும்."

"சாப்பிட்டால் சரியாகிவிடுமாம்," என்றாள் அனுசுயா.

பேராசிரியை முகம் இறுகியது. பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போடும் குடும்பம் என்று குறித்துக்கொண்டாரோ என்னவோ. அந்த ஆண் உதவமாட்டாரா என்று கேட்டார். அவருக்குச் சாப்பாடும் தூக்கமும்தான் வேலை என்று அனுசுயா சொன்னாள். அன்று அவள் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. வேரா பெத்ரோவ்னா பெருமூச்சு விட்டு, எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்றார்.

எப்படியோ தாண்டிவிட்டோம் என்று அனுசுயா மூச்சு விடுவதற்குள் திரையில் இன்னொரு கட்டம் திறந்தது.

"வணக்கம்மா. நான் இளங்கோவன். சென்னையில ஒருங்கிணைப்பாளர். லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும். நீங்க தமிழ்லயே பேசுங்க, நான் சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன்."

அனுசுயா சட்டென்று மைக்கை அணைத்தாள்.

"அம்மா, இனிமே தெலுகுல பேசு."

"ஏண்டி?"

"அவங்களுக்குத் தெலுகுதான் வேணுமாம்."

கன்னியம்மாள் மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கன்னியம்மாள் பிறந்த ஊர் நகரி. எல்லையைத் தாண்டியதும் வரும் ஆந்திர ஊர். அந்த வீட்டில் சண்டை தமிழிலும் சமாதானம் தெலுங்கிலும் நடக்கும்.

"தெலுகு வேணும்னா தெலுகு," என்றாள்.

மைக்கைப் போட்டு, "அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு சார், அதுலதான் மனசுவிட்டுப் பேசுவாங்க," என்றாள் அனுசுயா.

"எனக்குத் தெலுங்கு வராதேம்மா."

"பரவால்ல சார்."

பேராசிரியைக்கு இது பிடித்துப்போனது. மூன்று மொழி தெரிந்த பெண்ணா என்று கேட்டு, கன்னியம்மாளை நேராகப் பார்த்தார். "கடைசிக் கேள்வி. மகள் கிளம்பும் நாளில் என்ன சொல்லி அனுப்புவீர்கள்? நேரம் எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்லுங்கள்."

விரிவாக. அம்மா விரிவாகப் பேச என்ன இருக்கிறது? அனுசுயா தெலுங்கில் கேட்டாள். "அம்மா, ஊரகாய எலா பெடதாவோ செப்பு."

"ஊறுகாயா?" என்றார் இளங்கோவன்.

"போற எடத்துக்கு ஊறுகாய் போட்டு அனுப்பப் போறாங்களாம் சார். அதிலேர்ந்து ஆரம்பிக்கறாங்க."

கன்னியம்மாள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு தெலுங்கில் ஆரம்பித்தாள். கோங்குரா என்னும் புளிச்சக்கீரை இலையைக் காம்பு கிள்ளிப் பிரிக்க வேண்டும். ஈரம் இருக்கக் கூடாது. நிழலில் ஒரு நாள், வெயிலில் ஒரு நாள். மிளகாயை வறுக்கும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் கருகிவிடும். ஜாடியை ஆட்டிப் பார்க்கக் கூடாது. சும்மா சும்மா திறந்து பார்க்கவும் கூடாது, ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் கை பட்டால் கெட்டுவிடும். மூன்று நிமிடம் ஆயிற்று. நிறுத்தவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு சம்வத்சராலு," என்றாள்.

இரண்டு வருடம். அனுசுயா சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள்.

எண்ணெய் மேலே நின்றால் இரண்டு வருடம் கெடாது என்று கன்னியம்மாள் முடித்தாள்.

இனி அனுசுயா சொல்ல வேண்டும். மூன்று நிமிடப் பேச்சுக்கு மூன்று நிமிடம் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். ஆறு வருடமாக நாம் இரண்டு பேர்தான் என்று ஆரம்பித்தாள். நீ போன பிறகு சாயங்காலம் விளக்குப் போடும்போது யாரிடமும் போட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு ஆளுக்குச் சமைப்பது கஷ்டம், அரிசி அளவு கைக்கு வராது. ஆனாலும் போ. என்னால்தான் போகவில்லை என்று நாளைக்கு நீ நினைத்துவிட்டால் அதைவிடத் தனிமை வேறு இல்லை.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. யோசிக்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்ததெல்லாம் ரஷ்ய மொழியில் வந்துகொண்டிருந்தது. கடைசி வரியில் குரல் உடைந்தது. வேரா பெத்ரோவ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளங்கோவனும் கீழே குனிந்துகொண்டார்.

கன்னியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கோங்குரா அவங்க ஊர்ல கெடைக்காதா, பாவம்," என்றாள்.

நான்காம் நாள் மெயில் வந்தது. இடம் அனுசுயாவுக்கு. தாயின் சொற்களை உணர்ச்சி குறையாமல் கொண்டு வந்து சேர்த்ததற்காகக் குழு பாராட்டியிருந்தது. அந்த வரியை அவள் இரண்டாம் தடவை படிக்கவில்லை. தாயின் ஒரு சொல்லைக்கூட அவள் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

ஒரு வாரத்தில் தாயின் சம்மதப் பத்திரம் அனுப்ப வேண்டும். முத்திரைத் தாளில், இரண்டு வருடம் என்று எழுத்தில். அம்மாவிடம் இனிமேல் மறைக்க முடியாது. சோறு போடும்போது சொல்லப் பார்த்தாள். "கெடைச்சிச்சுமா" என்பது வரைதான் வந்தது.

"அதான் கெடைக்கும்னு தெரியுமே," என்று கன்னியம்மாள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். எத்தனை மாதம் என்று கேட்கவில்லை.

மறுநாள் ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று சொல்லப் பார்த்தாள். அம்மா கொடியை நீட்டி, "இந்தா, இத்த அதுக்குப் போடு," என்றாள். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது.

கையில் பத்திரம் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவு செய்து, அனுசுயா பஸ் ஏறித் திருத்தணி வந்தாள். தாலுகா ஆபீஸுக்கு வெளியே டைப் அடிக்கும் பரசுராமன் உட்கார்ந்திருந்தார். மனு, பத்திரம் எல்லாம் அவர்தான் அடித்துத் தருவார்.

அவள் விவரம் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே அவர் நிமிர்ந்தார்.

"கண்டிகை கன்னியம்மா பொண்ணா நீ? இரு."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு முத்திரைத் தாளை எடுத்து நீட்டினார். எல்லாம் அடித்திருந்தது. இரண்டு வருடம், எழுத்தில். கீழே அம்மாவின் கையெழுத்து, வழக்கம்போல் கோட்டை விட்டு இறங்கி. இண்டர்வியூ நடந்ததற்கு மறுநாள் தேதி.

"அன்னிக்கு முடிவே வரலையே சார்."

"நானும் அத்தான் கேட்டேன். வரும், அடிச்சி வைய்யின்னாங்க. நீ வந்தா குடுக்கச் சொல்லிட்டாங்க."

"ரெண்டு வருசம்னு அம்மாவுக்கு யாரு சொன்னது?"

"நாந்தான். போன மாசம் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த பாரத்த எடுத்தாந்து படிக்கச் சொன்னாங்க. ரெண்டு வருசம், கெடைச்சா தாயோட சம்மதப் பத்திரம்னு எல்லாத்தையும் படிச்சேன். அந்த பெஞ்சில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க. அப்பறம் எழுந்து போயிட்டாங்க."

அனுசுயா தாளைப் பார்த்தபடி நின்றாள். "அப்ப அன்னிக்கு நான் அவங்களக் கேட்டதெல்லாம்..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது பாப்பா," என்றார் பரசுராமன், மிஷினில் அடுத்த தாளைச் செருகிக்கொண்டே. "சின்னதா பதில் சொன்னா பொண்ணுக்கு மாத்திச் சொல்ல எடம் பத்தாதுன்னு, வாய் வலிக்க வலிக்க நீட்டிப் பேசினேன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க."