துணைக்குப் போட்ட நாற்காலி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் இருமலும் எப்படி? இருமல் நலமாக இருக்க வேண்டாம், அத்தான் இருந்தால் போதும்.

"அந்தப் பல் டாக்டர் இருக்கிற வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்" என்று நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. உன் மருமகன், என் பிள்ளை, மேயராகியும் அத்தைக்காரி வந்து ஒரு வார்த்தை வாழ்த்தவில்லையே என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அவன் அம்மா போன பிறகு எனக்கென்று நீ ஒருத்திதானே! ஆகவே கண்டித்துச் சொல்லிவிடுவது என்று டாக்டரின் கிளினிக்குக்கே போனேன். போனேனா, "பல்செட் லூசா இருக்காப்பா?" என்று என்னைச் சாய்த்துப் போட்டுப் பல்லைக் கழற்றிவிட்டான். பல் இல்லாமல் ஒருவனை எப்படிக் கண்டிப்பது, நீயே சொல். "வீட்டை விட்டுப் போ" என்றுதான் சொன்னேன். அவன் காதில் "வீட்டுல விட்டுட்டுப் போ" என்று விழுந்திருக்கிறது. "இதோப்பா, வண்டியை எடுக்கறேன்" என்று கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனான்.

எல்லாம் உன் மருமகன் வாயால் வந்த வினை. முதல் தேர்தலிலேயே, கூட்டத்தில் எவனோ "தம்பிக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலே?" என்று கேட்டான். பூசி மெழுக வேண்டியதுதானே? மைக்கைப் பிடித்து, "எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் கிடையாது. நானும் ஒரு பல் டாக்டரும் சேர்ந்து வாழறோம். இப்ப சாக்கடையைப் பத்திப் பேசலாமா?" என்று போட்டு உடைத்துவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. முன்னால் நின்ற அம்மாள், "அது கிடக்குதுப்பா, சாக்கடை எப்ப தூர் வாருவே?" என்று கேட்டாள். தூர் வாரினான், ஜெயித்தான், மறுபடியும் ஜெயித்தான். பத்திரிகைகள் அவனைத் 'தன்பாலீர்ப்பாளர்' என்று எழுதுகின்றன. அந்த வார்த்தையைச் சொல்ல என் பல்செட் இடம் கொடுப்பதில்லை.

இப்போது பதவியேற்பு விழாவைக் கேள். மேயராகக் கவுன்சிலர் பலம் போதாமல், நம் பரம எதிரி பண்பாட்டுக்காரருக்குத் துணை மேயர் பதவி கொடுத்துக் கூட்டுச் சேர்ந்தார்கள். உன் மருமகன் குடும்பப் பண்பாட்டையே குழிதோண்டிப் புதைக்கிறான் என்று மேடைதோறும் முழங்கியவர். இரண்டு தெருவில் இரண்டு குடும்பம் வைத்திருப்பதால் குடும்பத்தைப் பற்றி அவர் இரண்டு மடங்கு பேசுவார். பதவி என்றதும் பண்பாடு வாயை மூடிக்கொண்டது. மாநகராட்சி குமாஸ்தா டாக்டருக்காக முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, 'வாழ்க்கைத் துணை' என்று அச்சடிக்கக் கூச்சப்பட்டு, 'மேயரின் துணை' என்று அட்டை ஒட்டியிருக்கிறார். துணை மேயர் வந்தார், அட்டையைப் பார்த்தார், ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். "மேயரும் அவர் துணையும் சேர்ந்து ரிப்பன் வெட்டுவார்கள்" என்று ஒலிபெருக்கி சொன்னதும் உன் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு வெட்டியும்விட்டார். நிருபர் அட்டையைக் காட்டிக் குமாஸ்தாவிடம் அர்த்தம் கேட்க, அந்த மனுஷருக்கு அப்போது பார்த்துத் தைரியம் வந்துவிட்டது. மறுநாள் முதல் பக்கத்தில் படம்: 'மேயர், தம் வாழ்க்கைத் துணையுடன்.' இரண்டு வீட்டிலும் கதவைத் திறக்கவில்லையாம். பண்பாடு இப்போது ஆபீஸ் சோபாவில் படுத்துத் தூங்குகிறது.

இதில் என் பங்கும் உண்டு, மறைக்க மாட்டேன். டாக்டர் பாட்டுக்கு என் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சுவரோரம் நின்றான். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, எழுந்து, "யோவ், எந்திரிய்யா! அது எங்க வீட்டுப் பிள்ளை உட்கார வேண்டிய இடம்!" என்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. உடனே தப்பர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. சபை ஒழுங்குக்காகத்தான் கத்தினேன். கொள்கை என்று வந்தால் நான் உன் பக்கம்தான். நாளைக்கே அவனிடம் பல்லோடு பேசிவிடுகிறேன்.

அத்தானுக்கு வணக்கம். பேரன் பேத்திகளுக்கு என் ஆசியும் ஆளுக்கொரு முத்தமும்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இன்று காலை டாக்டர் தானாகவே பெட்டி கட்டிவிட்டான். நீ சொல்லி அனுப்பியது அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது. "நான் கிளினிக் மாடியில இருந்துக்கறேன்ப்பா. அத்தை வரட்டும், நீங்க அவங்க இல்லாம ஏங்கிப் போறீங்க" என்கிறான். மேயர் ஒரு மூலையில் நின்று அழுகிறான். நீ கேட்டது நான் மறுபடி வாயைத் திறக்காமலே நடக்கிறது, எனக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும்? வரவில்லை அக்கா. போய் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். நீ எப்போது வேண்டுமானாலும் வா. வந்து என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிவிடு, முழங்கால் மரத்துவிட்டது. ஆனால் அவன் பெட்டியைப் பிரித்து அடுக்கிய பிறகுதான் எழுந்திருப்பேன்.